பயம் அணுவிலா, பெயரிலா?

வயிற்று வலி என்று போனால், "எதற்கும் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்கிறார் டாக்டர். யாரும் மறுப்பதில்லை. அதே டாக்டர் ஹைப்பர் தைராய்டுக்கு ரேடியோ அயோடின் எழுதிக் கொடுத்தால் வீடே கூடி மாநாடு நடத்துகிறது. "அணுக்கதிராமே! முடியெல்லாம் கொட்டிடுமாம்!" கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று வைத்தியமே தள்ளிப் போகிறது.

சி.டி. ஸ்கேன் மட்டும் என்னவாம்? அதுவும் கதிர்வீச்சுதான். டெக்னீஷியம் ஊசி போட்டு எடுக்கும் எலும்பு ஸ்கேனை விட, வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி.யில் பல சமயம் கதிர்வீச்சு அதிகம். ஆனால் அதன் பெயரில் 'அணு' இல்லையே!

எம்.ஆர்.ஐ. கதை இன்னும் வேடிக்கை. அதன் அடிப்படைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'நியூக்ளியர் மேக்னடிக் ரெசொனன்ஸ்'. எக்ஸ்-ரே மாதிரியான கதிர்வீச்சு அதில் துளியும் இல்லை. ஆனாலும் ஜனங்கள் மிரள்வார்கள் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தபோது 'நியூக்ளியர்' கழற்றி விடப்பட்டது.

ரேடியோ அயோடின் செய்வது என்ன? தைராய்டு சுரப்பி அயோடினை இழுத்து வைத்துக்கொள்ளும். சாதா அயோடினா, கதிர்வீசும் அயோடினா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உள்ளே போன அயோடின்-131 வீசும் பீட்டா கதிர்கள் ஓரிரு மில்லிமீட்டர் தூரம்தான் பாயும். அதனால் அடி பெரும்பாலும் அந்தச் சுரப்பிக்குத்தான். 8 நாளில் வீரியம் பாதியாகிவிடும். 1941-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் தொடங்கி வைத்த வைத்தியம் இது. 80 வருடம் தாண்டிவிட்டது.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கொடுக்கக் கூடாது. பலருக்குப் பிறகு சுரப்பி மந்தமாகி, ஆயுள் முழுக்கத் தைராக்சின் மாத்திரை தேவைப்படும். சில நாள் குழந்தைகளைக் கொஞ்சக் கூடாது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது யார்?

குற்றவாளிகள் நோயாளிகள் மட்டுமல்ல. மஞ்சள் எச்சரிக்கைப் பலகையை மாட்டி, படிவத்தில் கையெழுத்து வாங்கி, பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்காமல் அனுப்பும் ஆஸ்பத்திரிகளும்தான். புற்றுநோய்க்கு அதிக அளவு கொடுத்துத் தனி அறையில் வைத்தவரிடம், காரணம் சொல்லாமல் சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு ஓடினால், அவர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக் கொள்வார்?

கவனிக்காமல் விட்ட ஹைப்பர் தைராய்டு இதயத் துடிப்பையே தாளம் தப்ப வைக்கும். பயப்பட வேண்டியது அதற்குத்தான். பெயர் யாரையும் கொன்றதில்லை. பெயருக்குப் பயந்து தள்ளிப்போட்ட வைத்தியம் கொல்லும்.