ஐரோப்பாவிலும் அதே பாசுமதிச் சோறா?

சென்ற வாரம் ஒரு மாலை. தெப்பக்குளத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வழக்கம்போலக் கரைச்சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தோம். எங்கள் நடைக் கோஷ்டியில் ஒருவர் பதினொரு நாள் ஐரோப்பா டூர் முடித்து வந்திருந்தார். ஈஃபில் கோபுரம், சுவிஸ் பனிமலை என்று செல்போனில் வரிசையாகக் காட்டினார். கடைசியில் ஒருவர், "சாப்பாடெல்லாம் எப்படி சார்?" என்று கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பதினொரு நாளும் நம்ம சாப்பாடுதான் சார். ஒரு நாள்கூட வெளியில கை நனைக்கல!"

ஏதோ விரதம் முடித்தவர் மாதிரி சொன்னார். மற்றவர்களும் 'பரவாயில்லையே' என்று தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் தலை ஆடவில்லை. அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். அவர் இதைப் படிப்பார். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன், ஏனென்றால் இதே பெருமையை 2014-ல் நானும் ஊரெல்லாம் அடித்திருக்கிறேன்.

அந்த வருடம் மே மாதம் நானும் என் மனைவியும் ஒரு டூர் கம்பெனியோடு போனோம். தபால் துறையில் முப்பத்தைந்து வருடம் உழைத்து ஓய்வு பெற்ற காசு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 'இந்திய உணவு உத்தரவாதம்' என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் பணமே கட்டினேன். பாரிஸ் முடிந்து ஆம்ஸ்டர்டாம் போகும் வழியில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் பஸ்ஸை நிறுத்தினார்கள். இரண்டு மணி நேரம். கிராண்ட் பிளாஸ் என்ற பெரிய சதுக்கம், அப்புறம் ஒன்றுக்குப் போகும் பையன் சிலை. இரண்டடிகூட இல்லாத அந்தச் சிலையைப் பார்க்க உலகமே திரண்டு நின்றது. அந்தச் சந்து முழுக்க வெண்ணெயும் சர்க்கரையும் முறுகும் வாசனை.

எங்கள் குழுவில் ஒரு டீச்சரம்மா வந்திருந்தார். திருமங்கலம் பக்கம் புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, தனியாக வந்திருந்தார். அவர்தான் டூர் மேனேஜர் பையனிடம் கேட்டார்: "தம்பி, ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க. இந்த வாஃபிள் ஒண்ணு வாங்கிக்கிறேன்."

"மேடம், லஞ்சுக்கு லேட்டாயிரும். அங்க நம்ம சாப்பாடு ரெடியா இருக்கு."

"சாப்பாடு எங்கப்பா போயிரப் போகுது?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "டீச்சர், கண்டதையும் தின்னு வயித்தைக் கெடுத்துக்காதீங்க. ஒருத்தருக்கு முடியாமப் போனா பஸ்ஸே நிக்கணும்" என்றேன். இன்னொருவர், "ஊருக்குப் போய் தோசைக்கல்லுல ஊத்திக்கலாம் டீச்சர்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவரும் லேசாகச் சிரித்துவிட்டு, கையில் எடுத்த யூரோ காசை மறுபடி பர்ஸில் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் என் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்தார். "முப்பத்திரண்டு வருஷம் மேப்புல குச்சி வச்சு பெல்ஜியத்தைக் காட்டியிருக்கேன்மா. இனிமே எங்க வரப் போறேன்?" என்று சொன்னாராம். ராத்திரி ஹோட்டலில் மனைவி இதைச் சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்து நாங்கள் போய்ச் சாப்பிட்டது என்ன தெரியுமா? ஊருக்கு வெளியே, முக்கால் மணி நேர பஸ் பயணத்தில் ஒரு இந்தியன் ரெஸ்டாரண்ட். ஆறிப்போன பாசுமதிச் சோறு, மஞ்சளாக ஒரு தால், சிவப்பாக ஒரு பன்னீர், கிண்ணத்தில் ஒரே ஒரு குலாப் ஜாமூன். பாரிஸிலும் அதுதான், ஆம்ஸ்டர்டாமிலும் அதுதான். 'நம்ம சாப்பாடு' என்கிறோமே, எந்த ஊரில் இது நம்ம சாப்பாடு? வண்டியூரில் ஒரு கல்யாணத்தில் இதைப் பரிமாறினால் சம்பந்தி வீட்டார் இலையை மடக்கிவிட்டு எழுந்து போவார்கள். நாம் கட்டிக் காப்பாற்றியது மதுரைச் சாப்பாட்டையும் இல்லை, பிரஸ்ஸல்ஸ் சாப்பாட்டையும் இல்லை. நாற்பது பேருக்கு ஒரே விலையில் பேசி முடித்த ஒரு காண்டிராக்டைத்தான் காப்பாற்றினோம்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரர்கள் பஸ் பஸ்ஸாக மீனாட்சி கோயிலுக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் ஸ்டார் ஹோட்டலில் ரொட்டியும் ஜாமும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, ஆவி பறக்கும் இட்லியையும் நாலு சட்னியையும் தொடாமல், விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா குடிக்காமல், பருத்திப்பால் என்றால் என்னவென்றே தெரியாமல் பிளேன் ஏறினால் நாம் என்ன சொல்வோம்? "பாவம், மதுரைக்கு வந்தும் வராத மாதிரி போறான்" என்போம். அந்தப் 'பாவம்' நமக்குப் பொருந்தாதா?

நான் திருந்தியது என் மகனால். அவன் ஜெர்மனியில் ஆகன் என்ற ஊரில் வேலையில் இருக்கிறான். 2018-ல் அவனிடம் போயிருந்தபோது ஒரு நாள் ரயிலேற்றிப் பக்கத்தில் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்குக் கூட்டிப்போனான். ஒரு மணி நேரப் பயணம்தான். அங்கே ஒரு சின்னக் கடை. மேஜை நாற்காலி கிடையாது. சூடான வாஃபிளை ஒரு காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். க்ரீம், ஸ்ட்ராபெரி, சாக்லேட் எதுவும் மேலே இல்லை.

பெல்ஜியத்தில் வாஃபிள் ஒரே வகை இல்லை என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிரஸ்ஸல்ஸ் வகை நீள்சதுரம். நீர்த்த மாவைப் புளிக்க வைத்து, இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாக அச்சு வைத்த சூடான இரும்புக்கு நடுவே ஊற்றிச் சுடுவது. வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு, மேலே கொஞ்சம் பொடிச் சர்க்கரை. லியேஜ் வகையோ ஊற்றும் மாவே இல்லை, வெண்ணெய் சேர்த்துப் பிசைந்து ஈஸ்டில் உப்ப வைத்த உருண்டை மாவு. சுடுவதற்குச் சற்று முன்னால் நம் கல்கண்டு மாதிரி கெட்டியான சர்க்கரைத் துண்டுகளை அதில் கலக்கிறார்கள். அச்சில் வைத்து அழுத்தும்போது சர்க்கரை உருகி வெளிப்பக்கம் பாகாக முறுகிவிடுகிறது, உள்ளே சில துண்டுகள் உருகாமல் பல்லில் கடிபடுகின்றன. அதனால் மேலே எதுவும் தேவையில்லை. உருவமும் ஒழுங்காக இருக்காது, நம் அதிரசம் மாதிரி ஆளுக்கொரு வடிவம்.

என் மனைவி பாதி தின்றுவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்த டீச்சருக்கு இதைத்தானே வேணாம்னீங்க?" என்றாள். மிச்சப் பாதியை நான் எப்படி விழுங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் பிரஸ்ஸல்ஸ். ஜோர்டான் சதுக்கம் என்ற இடத்தில் மெசோன் அந்த்வான் என்று ஒரு உருளைக்கிழங்கு வறுவல் கடை. 1948-லிருந்து இருக்கிறது. 2016-ல் ஐரோப்பியத் தலைவர்கள் மாநாட்டுக்கு வந்த ஜெர்மனியின் மெர்க்கல் அம்மையார், இடைவேளையில் அங்கே வந்து ஃப்ரைஸ் வாங்கியது செய்தியாகவே வந்தது. அப்போது நாட்டையே ஆண்டுகொண்டிருந்த அம்மாவுக்குப் பத்து நிமிடம் இருந்திருக்கிறது. எங்கள் பஸ்ஸுக்குத்தான் இல்லை.

காகிதக் கூம்பில் நிறையப் போட்டுத் தந்தார்கள். விரல் தடிமனில் வெட்டிய கிழங்கை ஒருமுறை மிதமான சூட்டில் வேகவைத்து எடுத்து ஆறவைக்கிறார்கள். ஆள் வந்து கேட்டதும் அதிகச் சூட்டில் இரண்டாம் முறை பொரிக்கிறார்கள். நம் டீக்கடை மாஸ்டர் வடையை அரை வேக்காட்டில் எடுத்து வைத்து, கூட்டம் வந்ததும் மறுபடி எண்ணெயில் போடுவாரே, அதே வித்தைதான். பக்கத்து காபிக் கடைகளில் ஒரு பானம் வாங்கிக்கொண்டால் அங்கேயே உட்கார்ந்து இந்தப் பொட்டலத்தைச் சாப்பிடலாம். யாரும் முறைப்பதில்லை.

பெல்ஜியத்தில் ஃப்ரைஸுக்குப் பெயர் பெற்ற கிழங்கு 'பின்ட்யே' என்பது. நூறு வருடத்துக்கு முன் நெதர்லாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் உருவாக்கிய வகை. தன் வகுப்பில் படித்த ஒரு சிறுமியின் பெயரையே அதற்கு வைத்தார். மகன் இதைச் சொன்னபோதும் எனக்கு அந்த டீச்சரம்மா ஞாபகம்தான் வந்தது. கேட்டிருந்தால் எத்தனை சந்தோஷப்பட்டிருப்பார்!

இனி, எதிர்க்கட்சி வாதங்கள். எனக்கு எல்லாமே மனப்பாடம், நானே பேசியவை.

'சைவம் சார், என்ன செய்வது?' இது நியாயமான கேள்வி. வாஃபிளில் முட்டை உண்டு. பெல்ஜியத்தின் பழைய ஃப்ரைஸ் கடைகள் பலவற்றில் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள், தொட்டுக்கொள்ளும் மயோனைஸிலும் முட்டை உண்டு. நான் தெரிந்தே சாப்பிட்டேன். என் மனைவிக்கு மாட்டுக்கொழுப்பு ஒப்பவில்லை. மகன் விசாரித்து, தாவர எண்ணெயில் பொரிக்கும் வேறொரு கடைக்கு அவளைக் கூட்டிப்போனான். ஆக, கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வேண்டாம் என்பது ஒருவருடைய நெறி, அதை மதிக்கிறேன். கேட்காமலே வேண்டாம் என்பது வெறும் சோம்பல்.

'சர்க்கரை வியாதி.' எனக்கும்தான். மத்தியானம் அந்த குலாப் ஜாமூனை யாரும் ஒதுக்கிவைத்து நான் பார்க்கவில்லை. ஒரு வாஃபிளை இரண்டு பேர் பிட்டுக்கொள்ளலாம்.

'நம்ம பாரம்பரியம்.' மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. திருமலை நாயக்கர் இந்தத் தெப்பக்குளத்தை வெட்டுவதற்குச் சுமார் நூறு வருடம் முன்புதான் மிளகாயே நம் நாட்டுக்கு வந்தது. ஜிகர்தண்டா என்ற பெயரே வடக்கிலிருந்து வந்தது. புதுசைத் தின்று பார்த்த தைரியசாலிகள் நம் முன்னோர்கள். நாம்தான் பயந்தாங்கொள்ளிகள்.

'எது நல்ல கடை என்று எப்படித் தெரியும்?' வெளியூர்க்காரருக்கு மதுரையில் என்ன வழி சொல்வீர்களோ, அதே வழிதான். கோபுர வாசலுக்கு எதிரே ஆளைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் கடையையா சொல்வீர்கள்? உள்ளூர்க்காரன் நின்றுகொண்டே சாப்பிடும் கடையைச் சொல்வீர்கள். நூறு அயிட்டம் எழுதிய கடையை விட்டுவிட்டு, இரண்டே அயிட்டம் போடும் கடைக்குப் போகச் சொல்வீர்கள். அங்கேயும் அப்படித்தான். சிலைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுட்டு அடுக்கி, மேலே க்ரீமும் பழமும் கோபுரமாகக் குவித்திருந்தால் அது போட்டோவுக்கு. கேட்ட பிறகு அச்சில் வைத்துச் சுட்டுத் தந்தால் அது வாய்க்கு.

இன்னொரு வாதம் புதிதாகக் கிளம்பியிருக்கிறது: 'இதெல்லாம் இப்போ தெப்பக்குளத்துலயே கிடைக்குதே!' கிடைக்கிறதுதான். பையன்கள் கிரிக்கெட் ஆடிய காய்ந்த குளத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது. அதைப் பார்க்கக் கூட்டம், கூட்டத்தை நம்பிக் கடைகள். பேரனோடு ஒரு கடையில் வாஃபிளும் ஃப்ரைஸும் வாங்கினேன். பாக்கெட் மாவு, உறையவைத்த கிழங்குக் குச்சி, அதன் மேல் ஒரு டப்பா சாக்லேட் குழம்பு. பேரன் ரசித்துச் சாப்பிட்டான், சாப்பிடட்டும். ஆனால் இதைத் தின்றுவிட்டு பெல்ஜியம் பார்த்தாயிற்று என்று நினைப்பது, துபாய் ஏர்போர்ட்டில் ஒரு இட்லியைத் தின்றுவிட்டு மதுரை பார்த்தாயிற்று என்பது போலத்தான்.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. காலையிலும் ராத்திரியிலும் அவர்கள் தருவதைச் சாப்பிடுங்கள். பணம் கட்டும்போதே டூர் கம்பெனியிடம், "மதியச் சாப்பாடு வேண்டாம், அந்தக் காசைக் கழித்துக் கையில் கொடுங்கள், அந்த நேரத்தை எங்களிடம் விடுங்கள்" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் அடுத்த வருட விளம்பரத்தில் அதையே கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஊறுகாய் பாட்டிலையும் பருப்புப்பொடியையும் எடுத்துப்போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நானே எடுத்துப்போகிறவன். ஆனால் பக்கத்தில் ஒருவர் கடை வாசலில் நின்றால், தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

டீச்சரம்மாவின் நம்பர் எங்களிடம் இல்லை. டூர் முடிந்த ஜோரில் எழுதி வாங்கிய துண்டுச் சீட்டு எங்கோ தொலைந்துவிட்டது. இதைப் படிப்பவர்களில் அவரும் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். டீச்சர், அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷம் உங்களுடையது. அதில் பேச எனக்கு ஒரு உரிமையும் இல்லை. மன்னிச்சிருங்க.