விளையாட்டின் உரிப்பொருள்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் மாலை வேளைகளில் கூடும் இளைஞர், ஒரு கணினி விளையாட்டு எவ்வகையைச் சார்ந்தது என்று தர்க்கிக்கும்போதெல்லாம், திரையில் துப்பாக்கி தெரிந்தால் அது சுடும் விளையாட்டு என்றும், கப்பல் தெரிந்தால் கடற்போர் விளையாட்டு என்றும் நொடியில் தீர்ப்புக் கூறிவிடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். விற்போரும், பிள்ளைகளுக்கு வாங்கிக்கொடுக்கும் பெற்றோரும் இதே அபிப்பிராயத்தை ஐயமின்றி ஏற்றிருக்கின்றனர். வேஷத்தைக் கண்டு ஸ்வரூபத்தை மறக்கும் இப்பிழையைக் கண்டிக்காமல் விடுதல் தகாது.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்த நிகழ்ச்சியை ஒருவர் விளையாட்டாக்குவதாகக் கொள்வோம். பீரங்கியருகே நின்று விமானங்களைக் குறிபார்க்கும்படி ஆடுவோனைப் பணிக்கலாம்; துறையில் நிற்கும் கப்பல்களுள் எவற்றை முன்னிரவே வெளியேற்றுவது என்று தளபதியின் ஸ்தானத்திலிருந்து நிர்ணயிக்கும்படி விடலாம்; குடும்பத்தோடு ஊரைவிட்டுத் தப்பும் வழியைத் தேடவும் செய்யலாம். நாள் ஒன்று, துறைமுகம் ஒன்று, விமானங்களும் அவையே. பிறப்பனவோ மூன்று வெவ்வேறு விளையாட்டுகள்.

கற்பனை வேண்டாம் என்பார்க்கு மெய்யான சான்றும் உண்டு. 1993இல் வந்த 'டூம்', 2007இல் வந்த 'போர்ட்டல்' ஆகிய இரண்டிலும் ஆடுவோனின் கண்வழியாகவே உலகம் தெரிகிறது. கையில் ஒரு கருவியும் நீண்டிருக்கிறது. ஆயினும், டூமில் பாய்ந்துவரும் பகைவரைக் கணத்தில் சுட்டு வீழ்த்த வேண்டியிருக்க, போர்ட்டலிலோ, அக்கருவியால் சுவரில் ஒன்றும் தரையில் ஒன்றுமாக இரு வாயில்களைத் திறந்து, ஒன்றினுள் விழுந்தால் மற்றொன்றிலிருந்து எவ்வேகத்தோடு வெளிப்படுவோம் என்று நிதானமாய்ச் சிந்தித்து, அறைக்கு அறை வழி காண வேண்டியிருக்கிறது.

தமிழருக்கு இந்த விவேகம் புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், தெய்வம், மா, மரம், புள் முதலியவற்றைக் கருப்பொருளாகவும், புணர்தல், பிரிதல் முதலிய ஒழுக்கங்களை உரிப்பொருளாகவும் வகுத்த தொல்காப்பியர், உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று இடங்கொடுத்தார். துப்பாக்கியும் கப்பலும் பேயும் விளையாட்டின் கருப்பொருள்கள். ஆடுவோன் செய்யும் காரியமே அதன் உரிப்பொருள்.

1980இல் தோன்றிய 'ரோக்' என்னும் விளையாட்டின் வழிவந்தவற்றுக்கு லக்ஷணம் வகுக்க 2008இல் பெர்லினில் கூடியோரும், இறந்தால் முதலிலிருந்தே தொடங்குதல், முறைவைத்து ஆடுதல் போன்றவற்றைப் பிரதானமாக்கி, எழுத்துக்குறிகளால் வரையும் தோற்றத்தைத் தாழ்ந்த வரிசையிலேயே வைத்தனர்.

அச்ச விளையாட்டு என்றொரு வகை உணர்ச்சியால் பெயர் பெற்றதன்றோ எனச் சிலர் வினவலாம். 1996இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டில் தோட்டாக்கள் அருமையானவை. அவற்றை வேண்டுமளவு அள்ளிக் கொடுத்துவிட்டால், அதே நடைப்பிணங்கள் எதிர்வந்தாலும் நெஞ்சு நடுங்காது; அங்கும் அச்சத்தை விளைவிப்பது ஆட்டத்தின் அமைப்பே.

துப்பாக்கி போலொன்று தெரிகிறதென்று போர்ட்டலைப் பிள்ளைகளுக்கு மறுக்கும் பெற்றோரே, தீர்ப்புக் கூறுமுன் ஒரு மாலை அவர்கள் அருகில் அமர்ந்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.