காசநோயும் தனித் தட்டும்

சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானதும், உடன் வந்திருக்கும் குடும்பத்தினர் மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னரே வேறொன்றைக் கேட்கின்றனர்: "தட்டு, தம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிடலாமா, டாக்டர்?" சிலர் கேட்பதில்லை, வீட்டுக்குச் சென்றதும் தாமே செய்துவிடுகின்றனர். அடுத்த முறை நோயாளி தலைகுனிந்து வந்து அமரும்போதுதான் அது நமக்குத் தெரியவருகிறது. திண்ணையில் படுக்கை, தனிப் பாய், பேரக் குழந்தை அருகில் வராதபடி ஓர் அதட்டல். மணமான பெண்ணாயிருந்தால், குணமாகும் வரை தாய்வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பிவிடும் குடும்பங்களும் உண்டு.

அக்குடும்பங்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நோயைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பு. பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த அச்சம் இரட்டிப்பாகும். ஆயினும் அந்த அச்சம் தவறான வாசலில் காவல் நிற்கிறது என்பதே என் கருத்து. தட்டைப் பிரிப்பதால் நோய் பரவுவது சிறிதும் குறைவதில்லை. நோயை மறைக்கும் எண்ணமே வளர்கிறது. இதை விளக்க, மனிதர் கிருமிகளைக் கண்டறிந்த வரலாற்றைச் சற்றுக் கூற வேண்டும். ஆரணி மக்களுக்கு அது அயலான கதையன்று. அதன் முற்பகுதி துணியோடும் பட்டோடும் பின்னிக் கிடக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத உயிர்களை முதன்முதலில் விரிவாகக் கண்டு எழுதியவர் மருத்துவர் அல்லர், துணி வணிகர். ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஆண்டனி வான் லீவன்ஹுக் என்பவர் அவர். துணியின் இழையைச் சோதிக்க அக்கால வணிகர்கள் உருப்பெருக்கும் கண்ணாடியைப் பயன்படுத்தினர். அவர் அதைவிடப் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த வில்லைகளைத் தம் கையாலேயே தேய்த்து உருவாக்கினார். அவற்றின் வழியே ஏரி நீரையும் மழைநீரையும் நோக்கியபோது, நெளிந்து திரியும் நுண்ணுயிர்களைக் கண்டார். 1676ஆம் ஆண்டு லண்டன் ராயல் கழகத்திற்கு அதைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். எனினும் அந்த உயிர்களுக்கும் நோய்க்கும் தொடர்புண்டு என்பதை உலகம் ஏற்க ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின.

அத்தொடர்பை முதலில் மெய்ப்பித்துக் காட்டியது பட்டுப்புழு. இத்தாலியில் பட்டுப்புழுக்கள் திடீரென இறந்து, உடல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து இறுகிப்போகும் நோய் ஒன்று இருந்தது. காற்றின் கேடு என்றனர் சிலர். இலையின் கேடு என்றனர் வேறு சிலர். அகோஸ்டினோ பாசி என்பவர் பல்லாண்டுகள் ஆராய்ந்து, அது ஒரு நுண்ணிய பூஞ்சையால் வருகிறது என்றும், நோயுற்ற புழுவிலிருந்து நல்ல புழுவுக்குத் தொற்றுகிறது என்றும் 1835இல் வெளியிட்டார். ஒரு விலங்கின் நோய்க்கு நுண்ணுயிரே காரணம் என்று சோதனையால் நிறுவியவர்களில் அவரே முன்னோடி.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1865இல், பிரான்சின் தென்பகுதியில் மற்றொரு நோய் பட்டு வளர்ப்பைச் சீரழித்தது. புழுவின் உடலில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றும். அரசின் வேண்டுகோளை ஏற்று அங்கே சென்ற லூயி பாஸ்டர், அதுவரை பட்டுப்புழுவைக் கையில் தொட்டும் அறியாதவர். ஐந்தாண்டு உழைப்பின் பயனாக அவர் வகுத்த முறை மிக எளியது. தாய் அந்துப்பூச்சி முட்டையிட்டபின் அதன் உடலை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நோயணு தென்பட்டால் அதன் முட்டைகளை எரித்துவிட வேண்டும், தென்படாவிட்டால் வளர்க்கலாம். இந்தியாவின் பட்டுப்புழு முட்டை உற்பத்தி நிலையங்களில் இன்றும் தாய் அந்துப்பூச்சியை இவ்வாறே சோதிக்கின்றனர். நம் தறிகளில் ஓடும் பட்டு இழைக்குப் பின்னால் அந்தச் சோதனை நிற்கிறது.

ஊகத்தைக் கைவிட்டு, நோய் எங்கிருக்கிறது என்று முதலில் பார்; பார்த்தபின் அது பரவும் வழியை மட்டும் அடை. பட்டுப்புழு தந்த பாடம் இதுதான். மனிதரின் நோய்களுக்கும் இதுவே பொருந்தும் என்பது விரைவில் புலப்பட்டது. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்னும் மருத்துவர் காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்ததை அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பரம்பரைக் கேடு என்றும் முன்வினை என்றும் கருதப்பட்ட எலும்புருக்கி நோய், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முந்நூறைத் தலையும் காலுமாக அடுக்கக்கூடிய சிறு கோல் வடிவக் கிருமியால் வருவது என்று தெளிவாயிற்று.

கிருமி தெரிந்தது; மருந்து இல்லை. ஆகவே நோயாளிகளை ஊருக்கு வெளியே, காற்றோட்டமான இடங்களில் வைத்துப் பேணும் சானடோரியங்கள் எழுந்தன. 1915இல் மதனப்பள்ளியிலும் 1928இல் தாம்பரத்திலும் அவை தொடங்கப்பட்டன. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒதுக்கிவைத்தலே அன்றைய மருத்துவமாக இருந்ததால், மக்களின் மனத்திலும் அது ஆழப் பதிந்தது. நம் வீடுகளின் தனித் தட்டு அக்காலத்தின் எச்சம் என்றே நான் கருதுகிறேன்.

அந்த வழக்கத்தை உலகம் கைவிடச் செய்த ஆய்வு நடந்தது நம் தமிழ்நாட்டில்தான். 1950களில் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் நோயாளிகள் அனைவருக்கும் சானடோரியத்தில் படுக்கை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து 1956இல் சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்றுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுவே. ஆரணிக்கு அருகிலுள்ள சேத்துப்பட்டு அன்று; சென்னைச் சேத்துப்பட்டு.

சென்னையின் ஏழை எளிய குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளை ஆய்வாளர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மறு பிரிவினர் தத்தம் நெருக்கடியான வீடுகளிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் அவை குறைவு. ஆயினும், 1959இல் வெளியான முடிவுகளின்படி, இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். அதைவிட முக்கியமானது அடுத்த செய்தி. அவர்களின் குடும்பத்தினரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, நோயாளி வீட்டிலேயே இருந்ததால் உறவினருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை என்பது தெரிந்தது. தொற்றின் பெரும்பகுதி நோய் கண்டறியப்படும் முன்னரே நிகழ்ந்துவிடுகிறது. முறையாக மருந்து உட்கொள்ளத் தொடங்கியபின் தொற்றும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது.

இந்த உண்மையை நம் வீடுகளுக்குப் பொருத்திப் பாருங்கள். பெயர் தெரியாத இருமலோடு இரண்டு மாதம் ஒரே அறையில் உறங்கியபோது நாம் அஞ்சவில்லை. நோய் கண்டறியப்பட்டு மருந்து தொடங்கிய நாளில் தட்டைப் பிரிக்கிறோம். ஆபத்து மிகுந்திருந்த காலத்தில் கதவு திறந்திருந்தது. ஆபத்து குறையத் தொடங்கும்போது அதைச் சாத்துகிறோம்.

காசநோய் நுரையீரலில் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் காற்றின் வழியேதான் பரவுகிறது. தட்டு, தம்ளர், துணி, தொடுதல் ஆகியவற்றால் பரவுவதில்லை. ஆகவே செய்ய வேண்டியவை வேறு. மருத்துவர் போதும் என்று சொல்லும் வரை நோயாளி முகக்கவசம் அணிய வேண்டும். இருமும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். தறி ஓடும் அறையே உறங்கும் அறையாகவும் உள்ள வீடுகளில் சன்னல்களைத் திறந்து காற்று வரச் செய்ய வேண்டும். வீட்டில் உள்ள அனைவரும், குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து தேவைப்படலாம். நீரிழிவு, புகைப்பழக்கம், ஊட்டக்குறைவு ஆகியவை இந்நோய்க்கு இடம் கொடுப்பவை என்பதால் அவற்றையும் கவனிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் சேர்க்கப்படுகிறது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மற்றப் பாக்டீரியாக்கள் சில அரை மணிக்குள் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு ஏறத்தாழ ஒரு நாள் தேவை. மெல்ல வளர்வதும் இடையிடையே உறங்கிக் கிடப்பதும் அதன் இயல்பு. ஆகவேதான் வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்து தேவைப்படுகிறது. இரண்டாம் மாதமே இருமல் நின்று உடல் தேறிவிடும்; அப்போது மருந்தை நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். பாவு பாதி இருக்கையில் சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுக்கும் நெசவாளர் நம் ஊரில் இல்லை.

ஆறு மாதம் நாள்தோறும் மருந்து உட்கொள்வது எளிதன்று. குமட்டும், சோர்வு வரும், கூலி குறையும். அந்த நாள்களில் நோயாளிக்குத் துணையாக இருப்பது குடும்பம்தான். திண்ணைக்குத் தள்ளப்பட்டவர் மருந்தை நிறுத்துவதை நான் கண்டிருக்கிறேன். எல்லோருடனும் அமர்ந்து உண்பவரிடம், "இன்றைய மாத்திரை போட்டாயிற்றா?" என்று கேட்க யாரேனும் ஒருவர் அருகில் இருப்பார். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் உள்ளவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். முடிவு எதுவாயினும், இரவு உணவுக்கு அவருடைய தட்டு மற்றத் தட்டுகளோடே இருக்கட்டும்.