கயிற்றின் மறுமுனையில் யார்?

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் பிரிவு)



விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் வழியாக அரியலூர் செல்லும் ரயில் பாதை நம்மில் பலருக்குத் தினமும் பழக்கமான பாதை. காலை வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வருகிறவர்கள் ஒரு மனிதரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேல்சட்டை, தோளில் நீண்ட சுத்தியல், கையில் ஸ்பேனர், கூடவே சுருட்டி வைத்த சிவப்புக் கொடி. வெயிலோ மழையோ, குனிந்த தலை நிமிராமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே தன்னந்தனியாக நடந்து போவார். அவர்தான் கீமேன். கிளிப் கழன்றிருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா, தண்டவாளத்தில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று தனக்கு ஒதுக்கிய சில கிலோமீட்டர் தூரத்தையும் தினமும் நடந்தே பார்ப்பது அவருடைய வேலை.

நம் உயிரை அவர் பார்த்துக்கொள்கிறார். சரி. அவர் உயிரை யார் பார்த்துக்கொள்வது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடியில் ஏறக்குறைய 30 மீட்டர் கடக்கும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் தெரியும் ரயில் 33 விநாடியில் நம் தலைமேல் நிற்கும். குனிந்து சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பவருக்குச் சுத்தியல் சத்தம்தான் கேட்கும். எதிர்க்காற்று அடித்தால் அதுவும் சேர்ந்து காதை அடைக்கும். பழைய நீராவி இன்ஜின் வருவது ஊருக்கே தெரியும். இன்றைய மின்சார ரயிலுக்கு அந்த ஆரவாரம் இல்லை. இதில் நம்முடையது இரட்டைப் பாதை வேறு. ஒரு வண்டிக்காக ஒதுங்கி அடுத்த பாதையில் நிற்கும்போது, அந்த வண்டியின் இரைச்சலில் பின்னால் வரும் இன்னொரு வண்டி கேட்காமலே போய்விடும். 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் ரயிலும் இதே பாதையில்தான் ஓடுகிறது. ரயிலின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. மனிதனின் காது அதே பழைய காதுதான்!

இதற்கு ஒரு கருவி இல்லாமல் இல்லை. 2016-17 ரயில்வே பட்ஜெட்டில் அன்றைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு, பாதையில் வேலை செய்யும் கேங்மேன்களுக்கு ‘ரக்ஷக்’ என்ற கருவி தரப்படும் என்று அறிவித்தார். ரக்ஷக் என்றால் காப்பவன். வேலை செய்யும் விதம் நமக்கெல்லாம் எளிதாகப் புரியக்கூடியதுதான். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பும்போது, அங்குள்ள சிக்னல் அமைப்பு வி.எச்.எஃப். ரேடியோ அலை வழியே செய்தி அனுப்பும். தொழிலாளியின் உடம்போடு இருக்கும் கருவி சத்தம் போடும், விளக்கு எரியும், அதிரும். காதில் விழாவிட்டால் கண்ணில் படும். கண்ணில் படாவிட்டால் தோலில் தெரியும்.

இன்னொரு கருவியும் உண்டு. அது ஜி.பி.எஸ். டிராக்கர். சில ஆண்டுகளாக ரயில்வேயில் கீமேன்களிடமும் ரோந்து செல்பவர்களிடமும் இதைக் கொடுத்து வருகிறார்கள். அவர் எங்கே இருக்கிறார், எத்தனை மணிக்கு எந்த இடத்தைத் தாண்டினார், எங்கே உட்கார்ந்தார் என்பதெல்லாம் அதிகாரியின் கம்ப்யூட்டரில் கோடாகத் தெரியும்.

இரண்டும் ஒரே மனிதனின் உடம்பில் தொங்கும் கருவிகள். ஆனால் ஒன்று, ‘ரயில் வருகிறது, ஒதுங்கு’ என்று அவரிடம் பேசுகிறது. மற்றொன்று, ‘இவர் இங்கே நிற்கிறார்’ என்று அவரைப் பற்றி வேறொருவரிடம் பேசுகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் இந்தக் கட்டுரையில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

டிராக்கரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்து அரியலூரை நினைத்துப் பாருங்கள். 1956 நவம்பர் 23 அதிகாலை. மருதையாற்று வெள்ளம் பாலத்தருகே பாதையை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். மழைக்கால இரவில் ஒரு மனிதர் விளக்கோடு பாதையை நடந்து பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எனவே ரோந்து ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது தவறில்லை. அந்த டிராக்கரிலும் ஆபத்துக்கு அழுத்தும் எஸ்.ஓ.எஸ். பட்டன் உண்டு. என் கேள்வியெல்லாம் இதுதான்: அந்த மனிதர் பத்து நிமிடம் உட்கார்ந்தால் ‘ஏன் உட்கார்ந்தாய்?’ என்று கேட்க ஆள் இருக்கிறது. அவர் நள்ளிரவில் பாம்பு கடித்துப் பட்டனை அழுத்தினால் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்க அதே நேரத்தில் ஆள் இருக்க வேண்டாமா?

தனியாக வேலை செய்பவர் கீமேன் மட்டுமா? கம்பத்தில் ஏறும் லைன்மேன், ஏ.டி.எம். வாசலில் இருக்கும் வாட்ச்மேன், ராத்திரியில் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போகும் விவசாயக் கூலி… எல்லோரும் தனி ஆட்கள்தான். இவர்களுக்காக உலகில் பலவிதக் கருவிகள் வந்துவிட்டன. நாம் வகுப்பில் படிக்கும் பாடம்தான் அவற்றின் உள்ளே இருக்கிறது.

விழுந்தால் சொல்லும் கருவியை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது முடுக்கத்தை அளக்கும் சென்சார். நாம் சும்மா நிற்கும்போது அது 1 ஜி காட்டும். கீழே விழும்போது பூஜ்யத்தை நெருங்கும். தரையில் மோதும்போது திடீரென்று எகிறும். பிறகு அசைவே இல்லை. இந்த வரிசையைக் கண்டால் ‘ஆள் விழுந்துவிட்டான்’ என்று கருவியே செய்தி அனுப்பும். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழ ஒரு விநாடிதான் ஆகும். அந்த ஒரு விநாடியில் யார் பட்டனைத் தேடி அழுத்துவது?

லைன்மேனுக்கு, மின்னழுத்தம் உள்ள கம்பியை நெருங்கும்போதே அதைச் சுற்றியுள்ள மின்புலத்தை உணர்ந்து ஒலிக்கும் கருவி உண்டு. ஹெல்மெட்டிலோ மணிக்கட்டிலோ மாட்டிக்கொள்ளலாம். எல்.சி. வாங்கி லைனை நிறுத்திய பிறகும், எங்கோ ஒரு கடையின் ஜெனரேட்டர் முறையாகப் பிரிக்கப்படாமல் இருந்தால் கரண்ட் பின்வழியாக ஏறி வரும். அப்போது இந்தக் கருவி உயிரைக் காப்பாற்றும். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. உலோகக் கவசம் உள்ள கேபிளின் மின்புலம் வெளியே தெரியாது. பேட்டரி தீர்ந்தாலும் கருவி பேசாது. ஆகவே, கருவி கத்தினால் ஆபத்து. கத்தாவிட்டால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை! சோதித்துப் பார்ப்பதும், எர்த் செய்வதும் எப்போதும் போல நடந்தாக வேண்டும்.

நல்ல கருவி எது தெரியுமா? மௌனத்தையே ஆபத்தாக எடுத்துக்கொள்ளும் கருவி. நம் ரயில் இன்ஜின்களில் டிரைவருக்கு ‘விஜிலன்ஸ்’ கருவி இருக்கிறது. சுமார் ஒரு நிமிடம் டிரைவர் எதையும் இயக்காவிட்டால் விளக்கு எரியும், அப்புறம் மணி ஒலிக்கும், அதற்கும் அவர் அசையாவிட்டால் பிரேக் தானாகவே விழும். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் 1980களிலிருந்தே இதே தத்துவத்தில் ஒரு கருவியை உடம்பில் மாட்டிக்கொள்கிறார்கள். அரை நிமிடம் போல அசையாமல் கிடந்தால் அது அலறும். புகையில் கண் தெரியாவிட்டாலும் அந்தச் சத்தத்தை வைத்துக் கூட இருப்பவர்கள் தேடி வருவார்கள்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ‘கருவி’ உண்டு, நண்பர்களே. என் அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. குடும்பத்தில் படிக்க வந்தது நான்தான் முதல். மும்முனைக் கரண்ட் ராத்திரியில் வரும் நாட்களில் அப்பா தண்ணீர் கட்டப் போவார். செல்போன் இருக்கிறது. ஆனால் சட்டையைக் கழற்றி மோட்டார் கொட்டகையில் மாட்டிவிட்டுத்தான் மடையில் இறங்குவார். போன் சட்டைப் பையில்! ஆபத்து வந்தால் ஆள் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம். அதனால்தான் உடம்பிலேயே மாட்டும் கருவி வேண்டும் என்கிறேன். அப்பாவும் அம்மாவும் தாங்களே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாத்தி வரிசை முடிந்ததும் அப்பா கொட்டகை லைட்டை இரண்டு முறை அணைத்து அணைத்துப் போடுவார். எங்கள் வாசலிலிருந்து அது தெரியும். தெரியாவிட்டால் அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். “எதுக்கும்மா இந்தப் பாடு, தூங்கு” என்றால், “நான் தூங்கிட்டா அந்த லைட்டை யாரு பாக்கறது?” என்பார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் மொத்தமும்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு இதை அன்றைக்கே சொல்லியிருந்தது. விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பில் பெல்ட் மாட்டி, அதில் கயிறு கட்டியிருக்க வேண்டும். அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டம் மாறினாலும் அந்தக் கயிற்றின் நியாயம் மாறவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குவார்கள். அதற்கு வாயுவை அளக்கும் கருவி வேண்டும்தான். ஆனால் கருவி அலறிய பிறகு மேலே இழுக்க ஆள் வேண்டாமா? இன்று கயிற்றுக்குப் பதில் ரேடியோ அலை வந்திருக்கிறது, சாட்டிலைட் வந்திருக்கிறது. கயிறு எவ்வளவு நீண்டாலும் மறுமுனையைப் பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை இல்லாவிட்டால் அது பாதுகாப்புக் கயிறு அல்ல, மாட்டைக் கட்டும் கயிறு!

“கருவி கொடுத்தாலும் நம்ம ஆளுங்க மாட்ட மாட்டாங்க சார்” என்று சிலர் சொல்வார்கள். ஏன் மாட்டமாட்டார்கள் என்று அவர்களிடம் கேட்டிருக்கிறோமா? வியர்வையில் அரிக்கிறதா? குனிந்தால் இடிக்கிறதா? சும்மா சும்மா கத்துகிறதா? அல்லது டீ குடிக்க ஒதுங்கினால் சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயமா? எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? உழைப்பவனைச் சந்தேகப்பட்டுச் செய்த கருவியை உழைப்பவன் எப்படி நம்புவான்?

நண்பர்களே, இதை ஏன் நம் ஆண்டு மலரில் எழுதுகிறேன்? இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பலர் சூப்பர்வைசராகவும் ஜூனியர் இன்ஜினியராகவும் போகப்போகிறோம். கருவி வாங்கும் ஃபைல் நம் மேஜைக்கு வரும். அன்றைக்கு விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாமல் நான்கு கேள்விகளைக் கேட்போம்.

ஒன்று, இவர் தனியாகத்தான் போக வேண்டுமா? செல்போனிலேயே மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. அதை மாட்டினால் மோட்டார் போடுவதற்காகவே ராத்திரியில் ஓடும் ஓட்டம் குறையும். ஆபத்துக்கு ஆளை அனுப்பிக் கருவியால் காப்பதைவிட, அனுப்பாமலிருப்பதே முதல் பாதுகாப்பு. போகத்தான் வேண்டுமென்றால் துணைக்கு ஒருவரை அனுப்ப முடியாதா?

இரண்டு, இந்தக் கருவி முதலில் யாரிடம் பேசுகிறது? தொழிலாளியிடமா, முதலாளியிடமா?

மூன்று, டவர் இல்லாத இடத்தில், சார்ஜ் தீர்ந்த நேரத்தில் என்ன ஆகும்? மௌனத்தை யாராவது கவனிப்பார்களா?

நான்கு, அலாரம் அடித்தால் எழுந்து ஓடப்போவது யார்? அவர் பெயர் என்ன? எத்தனை நிமிடத்தில் போய்ச் சேருவார்?

நான்காவது கேள்விக்குப் பதில் எழுதாத ஃபைலில் கையெழுத்துப் போடமாட்டோம் என்று இன்றைக்கே முடிவு செய்வோம். நம்மில் பலருடைய அப்பாவும் அண்ணனும் கயிற்றின் இந்த முனையில் வேலை செய்கிறவர்கள். டிப்ளமோ நம்மை மறுமுனைக்கு அனுப்புகிறது. அங்கே போனதும் கையை விட்டுவிடலாமா?