புதுக் கொம்பியூட்டருக்குக் காசு சேர்க்க முன் இதை ஒருக்கா வாசியுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டாரும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்போரும், பழைய மாணவர் சங்கத்தாரும் பொறுமையாக முழுதையும் வாசித்தால் நல்லது.

"வீட்டில கொம்பியூட்டர் இரிக்கி சேர், ஆனா பாட வீடியோ ஓடுதில்ல." 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை பெற்றோர் என்னிடம் சொல்லும் வார்த்தை இது. கடைக்குக் கொண்டுபோனால் பதில் தயாராக இருக்கும்: "இது பழைய மெஷின் காக்கா, புதிசொண்டு எடுங்க." 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு புது லெப்டொப் என்பது கூலிக்குப் போகும் ஒரு வாப்பாவின் பல மாத உழைப்பு. கடைசியில் என்ன நடக்கிறது? கொம்பியூட்டர் துணி போர்த்தி மூலையில். பிள்ளை, உம்மாவின் கைத்தொலைபேசி எப்போது கிடைக்கும் என்று காத்துக்கொண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஒதுக்கப்பட்டவற்றில் நான் பார்த்த அநேகமானவை பழுதான மெஷின்கள் அல்ல. பிரவுசர் பழசு, அல்லது வீடியோவைத் தயாரித்தவர் பழைய மெஷினை நினைத்துப் பார்க்கவில்லை. இந்த இரண்டுக்கும் ஏழை வீட்டுக்காரன் காசு கட்டக்கூடாது.

விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, பிரவுசர். எங்கள் ஊரில் இன்னும் விண்டோஸ் 7, விண்டோஸ் 8 உள்ள மெஷின்கள் ஏராளம். அவற்றுக்கு வந்த கடைசிக் குரோம் 109ஆவது பதிப்பு. அது 2023 ஜனவரியில் வந்தது. அதற்கு மேல் எத்தனை தரம் 'அப்டேட்' அழுத்தினாலும் ஏறாது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரை மைக்ரோசொப்ட் 2022 ஜூன் 15ஆம் திகதியோடு கைவிட்டுவிட்டது. அந்த நீல நிற 'ஈ'யை அழுத்திப் பாடம் பார்க்க முயற்சிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்த மெஷின்களுக்கு நான் சொல்வது பயர்பொக்ஸ். அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115 விண்டோஸ் 7இலும் 8இலும் ஏறும். குரோமில் வெறும் கறுப்புக் கட்டமாக நின்ற வீடியோ பயர்பொக்ஸில் ஓடியதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். செலவு ஒரு சதமும் இல்லை.

இரண்டாவது, திகதி. சிரிக்க வேண்டாம். கொம்பியூட்டரின் உள்ளே ஒரு சின்ன வட்ட பட்டரி இருக்கிறது, சீ.ஆர்.2032 என்று கேட்டால் கடையில் தருவார்கள். அது செத்தால், மெஷினை நிறுத்திப் போடும் ஒவ்வொரு தரமும் திகதி பல வருடங்கள் பின்னுக்குப் போய்விடும். பாதுகாப்பான இணையத்தளங்களின் சான்றிதழைப் பிரவுசர் திகதி பார்த்துத்தான் ஏற்கும். திகதி பிழையென்றால் யூடியூப்பும் திறக்காது, பாடத்தளமும் திறக்காது. சிவப்பு எச்சரிக்கை மட்டும் வரும். பார்க்கிறவர் "வைரஸ் பிடித்துவிட்டது" என்பார். பட்டரியின் விலையோ சில நூறு ரூபாய்க்குள்.

மூன்றாவது, விட்டுவிட்டு ஓடுவது. உடனே எல்லோரும் ஏசுவது டேட்டாவை. பெரிய பெக்கேஜ் போடுவார்கள், அப்போதும் தடக்கும். இதைக் கண்டுபிடிக்க இலகுவான வழி இருக்கிறது. யூடியூப் வீடியோவின் கீழே சிவப்புக் கோட்டுக்கு முன்னால் ஒரு சாம்பல் கோடு ஓடும். அது முன்னுக்குப் போகாமல் நின்றால் பிழை இணைப்பில். சாம்பல் கோடு நன்றாக முன்னுக்குப் போயும் படம் தடக்கினால் பிழை இணைப்பில் இல்லை, மெஷின் திணறுகிறது.

ஏன் திணறுகிறது? வீடியோவைச் சுருக்கி அனுப்பப் பல முறைகள் இருக்கின்றன. பழையது எச்.264. பத்துப் பதினைந்து வருடப் பழைய மெஷின்களிலும் அதை விரிக்கும் சில்லு இருக்கிறது. புதியவை வி.பி.9, ஏ.வி.1. டேட்டா குறைவாகப் பிடிக்கும், ஆனால் விரிக்க வேலை அதிகம். இன்டெல் மெஷின் என்றால் வி.பி.9ஐச் சில்லே முழுதாகக் கையாள 7ஆம் தலைமுறையாவது வேண்டும், ஏ.வி.1க்கு 11ஆம் தலைமுறை வேண்டும். அதற்கு முந்தியவை முழுச் சுமையையும் பிரதான புரொசெசரின் தலையில் ஏற்றுகின்றன. மின்விசிறி இரைகிறது, படம் தடக்குகிறது. மருந்து? தரத்தை 480க்கோ 360க்கோ இறக்குங்கள். கரும்பலகை எழுத்து விளங்க 480 போதும். யூடியூப்பை எச்.264இலேயே ஓட வைக்கும் சிறிய எக்ஸ்டென்ஷன்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

நான்காவது, ஃபிளாஷ். முந்திய காலத்தில் சீடியில் வந்த பாடங்கள் பல ஃபிளாஷில் செய்யப்பட்டவை. அடோபி அதை 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு நிறுத்தியது; 2021 ஜனவரி 12இலிருந்து பிளேயரே அவற்றை ஓட்ட மறுக்கிறது. ஆகவே இன்று எந்தத் தளமாவது "ஃபிளாஷ் பிளேயர் இன்ஸ்டோல் செய்யுங்கள்" என்று கேட்டால் தொடவே வேண்டாம். அது உங்கள் மெஷினுக்குள் நுழையப் பார்க்கும் கள்ளன்.

இனி, யாருக்குப் பொறுப்பு என்ற கேள்விக்கு வருகிறேன்.

பாடத் தளம் நடத்துவோரிடமும், வீடியோ தயாரிக்கும் ஆசிரிய சகோதரர்களிடமும் கேட்கிறேன். "குரோமின் புதிய பதிப்பில் மட்டும் பார்க்கவும்" என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டால் கடமை முடிந்ததா? பதிப்பு ஏறாத மெஷினை வைத்திருப்பவன் எங்கே போவான்? ஐபோனில் எடுத்த பாடத்தை அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறோம். அது எச்.265இல் பதிவானது, பழைய மெஷினில் குரல் கேட்கும், படம் வராது. செட்டிங்ஸில் கெமரா, ஃபோர்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கொம்பெட்டிபிள்' என்பதைத் தெரிவு செய்தால் பிரச்சினை முடிந்தது. அல்லது யூடியூப்பில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள், அது தானாகப் பல வடிவங்களுக்கு மாற்றிக்கொள்ளும். பாடத்தை வெளியிட முன் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும் ஆகப் பழைய மெஷினில் ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். அதில் ஓடினால் ஊரில் எல்லா வீட்டிலும் ஓடும்.

"போனில பார்க்கலாமே" என்பார்கள் சிலர். பார்க்கலாம். ஆனால் வீட்டில் மூன்று பிள்ளைகள், போன் ஒன்று, அதுவும் வாப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. இருக்கிற கொம்பியூட்டரை விட்டுவிட்டு ஏன் அதற்குச் சண்டை பிடிக்க வேண்டும்?

"பழைய விண்டோஸ் பாதுகாப்பில்லையே" என்பது நியாயமான கேள்வி. உண்மைதான். அந்த மெஷினில் பேங்க் கணக்குத் திறக்க வேண்டாம், கடவுச்சொற்களைச் சேமிக்க வேண்டாம், பாடம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்ல வழி லினக்ஸ் மின்ட். இலவசம். 64 பிட் மெஷினும் 4 ஜிபி ரெம்மும் இருந்தால் வசதியாக ஓடும், புதிய பயர்பொக்ஸ் கூடவே வரும். பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் மட்டும் ஏற்றலாம்.

இது விண்டோஸ் 7 வைத்திருப்போரின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. 8ஆம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் மெஷின்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, மூன்று வருடத்தில் குரோமும் கைவிட்டது. பத்துக்கும் ஒருநாள் அது வரும். அன்றைக்கு ஊரில் உள்ள பாதிக் கொம்பியூட்டர்களையும் குப்பை என்று சொல்லப் போகிறோமா?

ஆகவே நான் கேட்பது மூன்று விடயங்கள்.

1. புதிய கொம்பியூட்டருக்கு வசூல் தொடங்க முன், இருப்பவற்றைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பிரவுசர், திகதி, வீடியோத் தரம் மூன்றையும் பார்க்க ஒரு மெஷினுக்கு அரை மணித்தியாலம் போதும். ஊர்க் காசு அமானிதம்.

2. அலுவலகங்களில் கழிக்கும் கொம்பியூட்டர்களைப் பாடசாலைக்கு அன்பளிப்புச் செய்யும் சகோதரர்களே, பெட்டியைக் கொடுத்துப் படம் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். புதிய பிரவுசர் போட்டு, ஒரு பாட வீடியோ ஓடுவதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

3. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை தாருங்கள். மேலே எழுதிய எதற்கும் பட்டம் தேவையில்லை, நான் காட்டித் தருகிறேன்.

சம்மதமானவர்கள் கொமென்ட்டில் சொல்லுங்கள். வீட்டில் ஓடாத மெஷின் இருந்தால் விண்டோஸ் எது, பிரவுசர் எது, திரையில் என்ன எழுத்து வருகிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை உள்ள வீடுகளை முதலில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.