கடைசி செமஸ்டர் வரை காத்திருக்காதீர்கள்!

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் பலர், கல்லூரியில் படிக்கும் மகனுக்காகவோ மகளுக்காகவோதான் வாங்குகிறார்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டைப் செய்யவும் படம் பார்க்கவும் அது பயன்படுகிறது. நல்லதுதான். ஆனால் அதைவிட முக்கியமான வேலை ஒன்று அதற்கு இருக்கிறது என்பது என் கருத்து.

"முதலில் டிகிரி முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பல வீடுகளில் சொல்வார்கள். பொறியியல் படித்து, சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் எனக்கு இதில் உடன்பாடில்லை. டிகிரி முடிவது ஏப்ரல், மே மாதங்களில். அதற்கு அடுத்த வழிகளோ பல மாதங்கள் முன்பே மூடிவிடுகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பல பொறியியல் கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ 7-வது செமஸ்டரிலேயே தொடங்கிவிடும். ஐ.ஐ.டி.யில் எம்.டெக். படிக்க உதவும் கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கும்; விண்ணப்பம் பொதுவாக ஆகஸ்ட், செப்டம்பரில். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு டிசம்பர், ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

என்னுடன் படித்த நண்பர் ஒருவர், ரிசல்ட் வந்த பிறகுதான் எம்.டெக். படிக்க முடிவு செய்தார். கேட் தேர்வு முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு வருடம் வீட்டில் இருந்தார். மார்க் வாங்கத் தெரியாதவர் அல்ல. தேதி தெரியாதவர், அவ்வளவுதான்.

கல்விக் கடன் வாங்கியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிப்பு முடிந்து 1 ஆண்டு வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வீணாகும் வருடம் அந்த 1 ஆண்டைத்தான் விழுங்கும்.

"மூன்றாம் ஆண்டிலேயே என்ன ஆகப்போகிறோம் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கலாம். தெரிய வேண்டியதில்லை. தேதிகள் தெரிந்தால் போதும். கேட் தேர்வை 3-ம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். ஜி.ஆர்.இ. மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். இப்போதே எழுதி வைத்தால், முடிவைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இதற்குத்தான் உங்கள் கம்ப்யூட்டர். எக்ஸெல் இல்லாவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். வழி, கடைசித் தேதி, தேவையான சான்றிதழ்கள், கட்டணம் என்று நான்கு காலம் போடுங்கள். தேதியைத் தேதியாகவே டைப் செய்யுங்கள். 'செப்டம்பர் கடைசி' என்று எழுதினால் கம்ப்யூட்டரால் சரியாக வரிசைப்படுத்த முடியாது. பிறகு டேட்டா மெனுவில் சார்ட் கொடுங்கள். எந்த வழி முதலில் மூடுகிறதோ, அது மேலே வந்து நிற்கும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அந்தந்தத் தேர்வின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்து நிரப்புங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அப்பா, அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பணம் எப்போது தேவைப்படும் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?