விற்ற பின்னும் பூட்டா?

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள எமது கரையோர மக்களின் வாழ்வு நெல் வயலோடு பிணைந்தது. பெரும்போக அறுவடை வேளையில் இயந்திரம் இரண்டு நாள் முடங்கினால், முற்றிய கதிர் ஒரு மழைக்கே சாய்ந்துவிடக்கூடும். அப்பொழுது இயந்திரத்தைத் திருத்துபவர் யார் என்பது வெறும் வியாபாரக் கேள்வியன்று. விவசாயியின் சீவனக் கேள்வியாகும்.

பழைய உழவு இயந்திரம் பழுதுற்றால் ஊர்ப் பட்டறையிலேயே கழற்றித் தேய்ந்த உறுப்பை மாற்றிக்கொள்ளலாம். புதிய இயந்திரங்கள் பலவற்றையோ கணினி இயக்குகிறது. பழுதின் காரணத்தை அறியவே தனி மென்பொருள் வேண்டும். அதனை உலகப் பெருங் கம்பனிகள் சில, தம் முகவர்க்கன்றிப் பிறர்க்கு முழுமையாக அளிப்பதில்லை. கைத்தொலைபேசிக்கும் இதே கதிதான். பொருள் வாங்கியவனுடையது, திறப்பு மட்டும் விற்றவனிடம்! இஃது என்ன நியாயம்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கென 2023 இல் இயற்றிய திருத்தும் உரிமைச் சட்டம் 2024 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ளது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024 இல் பழுதுபார்ப்பு உரிமைக்கான பணிப்புரையை நிறைவேற்றியது. அயல்நாடாகிய இந்தியா 2022 இல் இதற்கெனக் குழுவொன்றை அமைத்து, விவசாயக் கருவிகளையும் அதன் ஆய்வில் சேர்த்தது.

இலங்கையிலோ 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உண்டு. பாவனையாளரைக் காக்கவே அது பிறந்தது. எனினும் திருத்தும் உரிமையை அது தனியே வகுத்துரைக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, பழைய வாகனங்களை ஓடச் செய்தவர்கள் ஊர்ப் பட்டறைக்காரர்களன்றோ? நாட்டைத் தாங்கிய அக்கைகளைக் கட்டிவைப்பது நன்றியுமன்று, மதியுமன்று.

பிறர் கைவைத்தால் ஆபத்து விளையும் எனக் கம்பனிகள் கூறும். ஆபத்தை விளைவிப்பது அறியாமையே. கைநூலை மறைத்துவைத்தால் அறியாமை வளருமேயன்றிக் குறையாது.

ஆதலின் உதிரிப்பாகம், திருத்தக் கைநூல், பழுதறியும் மென்பொருள் ஆகிய மூன்றையும் நியாய விலைக்கு எவரும் பெறுமாறு இச்சட்டம் திருத்தப்படல் வேண்டும். திகாமடுல்லப் பிரதிநிதிகள் கட்சி பேதமின்றி இதனைப் பாராளுமன்றில் எழுப்புவார்களாக. வாக்குக் கேட்டு வயல் வரம்பேறி வந்தவர்களுக்கு இக்கடமை உண்டு.